ரப்பர் குழாயின் மறுமுனை

சென்ற வாரம் எங்கள் வார்டில் அலமாரிகளை ஒழித்துத் துடைத்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்கு ஆள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள்தான் எங்களுக்குச் சுத்தத்தின் மீது பக்தி பொங்கும். கடைசித் தட்டில், கெட்டித்துப்போன பஞ்சுப் பொட்டலங்களுக்குப் பின்னால், ஒரு பழுப்பு நிற ரப்பர் குழாய் சுருண்டு கிடந்தது. ஊசி போட நரம்பு தேடும்போது நோயாளியின் கையில் இறுக்கிக் கட்டுவோமே, அந்தக் காலத்துக் குழாய். இப்போது கொக்கி வைத்த நாடா வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் அதை இரண்டு விரலால் தூக்கி, "இது கேஸ் ட்யூப்பா மேடம்?" என்று கேட்டாள்.

வாங்கி முகர்ந்து பார்த்தேன். ரப்பரும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. எனக்கு அந்த வாடை என்றால் இங்கிலீஷ்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு காலத்தில் நானும் என் தோழி சுகன்யாவும் அந்த ரப்பர் குழாயை இழுத்து இழுத்துத்தான் இங்கிலீஷ் பேசப் பழகினோம்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போனால் அந்தப் பயிற்சி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருச்சியிலிருந்து ஒரு மிஸ் வருவார். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போக நர்சுகள் எழுத வேண்டிய தேர்வு ஒன்று உண்டு. எழுதுவதிலும் படிப்பதிலும் நாங்கள் தட்டுத்தடுமாறித் தேறிவிடுவோம். பேச்சில்தான் எல்லாரும் கவிழ்ந்தோம். கீழே கடையில் யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். மேலே நாங்கள் பேசுவதற்கும் அந்தச் சத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று மிஸ் ஒருமுறை சொன்னார். மனசில் வைத்துக்கொண்டு சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் குறை இதுதான். நாம் பேசும்போது எல்லா எழுத்துக்கும் பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒரே அளவாக வைத்துக்கொண்டு போவோம். இங்கிலீஷ்காரன் அப்படி வைப்பதில்லை. ஒரு வார்த்தையில் ஒரு இடத்தை மட்டும் பிடித்து அழுத்தி நீட்டுவான். மீதியை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவான். அந்த ஒரு இடம் மாறிப்போனால் அவனுக்கு நாம் என்ன சொல்கிறோம் என்றே பிடிபடாது. அதிலும் நியாயமாக ஒரு விதி உண்டா என்றால் கிடையாது. ஃபோட்டோகிராஃப் என்றால் முதலில் அழுத்த வேண்டும், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். பிறந்ததிலிருந்து முதலெழுத்தில் குதித்துச் சொல்லிவந்த ஹோட்டலை இரண்டாவதில் குதிக்கச் சொன்னார் மிஸ். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க பஸ் கண்டக்டர் ஸ்டாப் சொல்ற மாதிரி சொல்றீங்க சிஸ்டர். திருவரங்குளம், ஆலங்குடி, கீரமங்கலம்னு. எதுலயும் எறங்கலாம், எதுலயும் ஏறலாம்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

அழுத்தம் எங்கே விழுகிறது என்று கைக்குத் தெரிந்தால் வாய்க்குத் தெரியும் என்பது மிஸ் சொன்ன வழி. ரப்பர் பேண்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அழுத்துகிற இடத்தில் மட்டும் இழுக்க வேண்டும். கடையில் வாங்கிய ரப்பர் பேண்டுகள் நாங்கள் இழுத்த இழுப்பில் பட்டுப்பட்டென்று அறுந்தன. அடுத்த வாரம் சுகன்யா எங்கள் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி எல்லாருக்கும் கொண்டுவந்துவிட்டாள். அப்படி எதையாவது யோசித்து வைப்பாள். அவளிடம் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு என் மண்டையைப் பற்றிச் சந்தேகம் வரும்.

அவள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் ஓரமாகக் கொஞ்சம் மல்லிகைக் கொல்லையும் இருந்தன. கஜா புயலில் தென்னை அத்தனையும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. மிஞ்சியது மல்லிகைதான். விடியக்காலம் பறித்துக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு, மகளைப் பார்க்க வரும் நாளில் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பூ வைக்க அனுமதி கிடையாது. அவள் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுவைப்பாள். மத்தியானம் திறந்தால் எலுமிச்சைச் சோறு மல்லிகை வாசத்தோடு இருக்கும். எனக்கு இன்றைக்கும் மல்லிகை என்றால் கொஞ்சம் பசிக்கும். பெண்ணாகப் பிறந்தவள் சொல்லக்கூடிய பேச்சா என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

சுகன்யா அந்தத் தேர்வை ஏற்கெனவே ஒரு தடவை எழுதிப் பேச்சில் கோட்டைவிட்டிருந்தாள். தேர்வில் ஒரு அட்டை கொடுப்பார்கள். நாம் நர்ஸ், எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளி என்று வைத்துக்கொண்டு, அட்டையில் உள்ள நிலைமைக்கு ஏற்பப் பேச வேண்டும். அவளுக்கு வந்தது மோசமான செய்தியைச் சொல்லும் அட்டை. நோய் பரவிவிட்டது, இனி வைத்தியத்தில் பலனில்லை என்று நோயாளியிடமே சொல்ல வேண்டும். மிஸ் முன்னால் அதை அப்படியே பேசிக் காட்டினாள். மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "பூ வெல சொல்றீங்களா சுகன்யா? அன்ஃபார்ச்சுனேட்லிங்கற வார்த்தய இப்படியா ஓட்டறது? ரெண்டாவது எடத்துல எறக்கி வைக்கணும். அதுக்கு முன்னாடி கொரல் தாழணும், சொல்லிட்டு ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த ஒரு வார்த்தயக் கேட்டதும் எதிர்ல இருக்கறவங்களுக்கு என்னமோ வரப்போகுதுன்னு தெரிஞ்சிரணும்."

அந்த வார்த்தை அவளுக்கு வரவே இல்லை. ஹாஸ்டலில் துணி துவைக்கும்போது சொல்லுவாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லுவாள். ஒன்று நான்கு இடத்தில் அழுத்துவாள், இல்லை எங்கேயும் அழுத்தமாட்டாள். நான் என் பங்குக்குத் திருத்தப் போய் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் குழப்பிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பாவுக்கு வயிற்று வலி என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். சோதனையெல்லாம் முடிந்த அன்று டாக்டர் வார்டுக்கு வந்து, நோயாளியிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, சுகன்யாவின் அண்ணன் சரவணனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். இத்தனை வருஷ வேலையில் நான் அறிந்த வரைக்கும் அந்த "வெளிய வாங்க"வுக்குப் பிறகு நல்ல செய்தி வந்ததே இல்லை. இரைப்பையில் ஆரம்பித்துக் கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. அதிகம் போனால் தீபாவளி தாங்கும் என்றார் டாக்டர்.

சரவணன் உள்ளே வந்து அப்பாவிடம், "குடல்ல புண்ணாம்ப்பா. மாத்திரயில சரியாப் போயிருமாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சம்பந்தப்பட்டவரைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். அவரிடம் மட்டும் புண், கட்டி, அல்சர், ஏதோ கிருமி என்போம். இந்த மாவட்டத்தில் புற்றுநோயில் போனவர்களை எழுப்பிக் கேட்டால் பாதிப் பேர் அல்சரில் செத்ததாகத்தான் சொல்வார்கள். சொன்னால் மனசு விட்டுப்போகும், இருக்கிற நாளும் இல்லாமல் போகும் என்பது நம் ஆட்களின் நினைப்பு. பாசத்தில்தான் செய்கிறார்கள். அந்தப் பாசத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஏனென்றால் சுகன்யாவின் அப்பா ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தார். அவருக்கு ஒரே அக்கா. மணமேல்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை முறைப்படி செய்யவில்லை என்று பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தவர், அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை, அக்காவும் வரவில்லை. படுக்கையில் விழுந்ததும் மனசு இளகிவிட்டது போல. நான் டிரிப்ஸ் மாற்றப் போகும்போதெல்லாம் சொல்லுவார்: "ஒடம்பு தேறுனதும் மொத வேல மணமேல்குடி போயிட்டு வாரணும் ஆத்தா. இப்ப இந்தக் கோலத்துல போயி நின்னா, பாவம்னு சோறு போடுவா. அது வேண்டாம். நல்லா நடமாடயில போயி, வாசல்ல நின்னு, அக்கான்னு கூப்புடணும்."

கூப்பிட்டால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய அக்கா. சுகன்யா அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே நின்று இருவரும் பேசியது எனக்கும் கேட்டது.

"அப்பாகிட்ட சொல்லிருவோம்ண்ணே. இல்லாட்டி அத்தையவாச்சும் வரச் சொல்லுவோம்."

"அத்த வந்து நின்னா அவருக்குத் தெரிஞ்சிராதா? இத்தன வருசமா வராதவ இப்ப ஏன் வந்தான்னு யோசிக்கமாட்டாரா?"

"தெரியட்டுமேண்ணே."

"ஒனக்கென்ன, நீ பாட்டுக்குச் சொல்லிப்புட்டு பிளேன் ஏறிப் போயிருவ. அவரு மூஞ்சிய நான்ல பாக்கணும். வாயத் தொறந்த, அப்பறம் எனக்குத் தங்கச்சியே கெடையாது."

அவள் வாயைத் திறக்கவில்லை.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு அப்பாவோடு இருந்தாள். அவருக்கு அதில் வருத்தம். "என்னால ஒம் பரீட்ச கெட வேண்டாம். இங்கயே ஒக்காந்து படி. நான் கேக்குறேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையை இவள் பிடித்துக்கொள்வாள். அழுத்தும் இடத்தில் இழுப்பாள். இழுப்பு கைக்கு வந்ததும் அவர் தலையாட்ட வேண்டும். பாதி நேரம் தவறான இடத்தில் தலையாட்டுவார். சில சமயம் தூங்கிப்போய், குழாய் நழுவி அவள் மணிக்கட்டில் சுளீரென்று அடிக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் அதைப் பார்க்கவே காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார். காலில் கட்டுப் போட்டவருக்கு என்ன கவனிப்பு, சர்க்கரை நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று எல்லா அட்டையையும் அவரிடம் பேசினாள். சிரிப்பும் கூத்துமாக இருக்கும். அந்த ஒரு அட்டையை மட்டும் பல நாள் தள்ளிவைத்தாள்.

அப்புறம் அதையும் எடுத்தாள். எடுக்காமல் முடியாது, அதில்தானே போன தடவை தோற்றது. அவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது, அதனால் ஒன்றும் ஆகாது என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். முகத்துக்கு நேரே குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நோய் பரவிவிட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களால் ஆனது என்று, தமிழில் சொல்லக் கூடாத அத்தனையையும் இங்கிலீஷில் அவரிடமே சொன்னாள். முதலில் வழக்கம்போல ஓட்டினாள். நாளாக ஆக வேகம் குறைந்தது. குரல் தாழ்ந்தது. யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது அவள் தொண்டைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம், பார்வையாளர்கள் போன பிறகு, நான் பக்கத்தில் நின்று டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்த வார்த்தை வந்தது. இரண்டாவது இடத்தில் அப்படியே இறங்கி நின்றது. மீதி எல்லாம் அதற்குக் கீழே அடங்கிப் போயின. குழாய் நீண்டு நின்றது. மிஸ் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார்.

அவர் குழாயை விடவில்லை. "இப்பத்தான் சரியா வந்துருக்கு, இல்ல?" என்றார்.

"ஆமாப்பா."

"அத அப்புடியே ஒருக்கா தமிழ்ல சொல்லாத்தா."

"அது பரீட்சைக்குள்ளதுப்பா."

"பரீட்சைக்குள்ளதுதான். எங்கிட்டதான சொல்ற. என்னான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்தேன்.

"ஊசி போடயில சொல்றதுப்பா. பயப்படாதீங்க, வலிக்காதுன்னு."

அவர் தன் கையிலிருந்த குழாய் முனையைப் பார்த்தார். பிறகு, "வலிக்காதுன்னு சொல்லவா கொரலு இப்புடி எறங்குது?" என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. குழாயை மெதுவாக அவள் கையிலேயே வைத்துவிட்டு, இங்கிட்டு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் மணமேல்குடிப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நானே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அக்காவப் பாக்கணும்னீங்களேப்பா, வரச் சொல்லுவமா?" என்று கேட்டேன். "நல்லாருக்கயிலதானத்தா போகணும்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதைப் பிள்ளைகளிடம் அவரும் மறைத்தார். யாராவது ஒருவர் நல்ல தமிழில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார், திட்டியிருப்பார், அப்புறம் அக்காவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார். சைகையில் வந்த செய்திக்கு அவர் எப்படி வாயைத் திறந்து பதில் சொல்வார்?

தீபாவளி வரைகூடத் தாங்கவில்லை. வார்டிலேயே போய்விட்டார். கீரமங்கலத்துக்கு உடம்பைக் கொண்டுபோனபோது நானும் வண்டியில் போனேன். உச்சி வெயிலில் மணமேல்குடி அக்கா வந்து இறங்கினார். நல்ல உயரம், தம்பியின் அதே தாடை. ஓடி வந்து விழுந்து அழுவார் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து சரவணனைக் கேட்டார்.

"எம்புட்டு நாளா இருந்துச்சு?"

"மூணு மாசமாத் தெரியும் அத்த."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"அப்பாவுக்கே தெரியாது அத்த. கடைசி வரைக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டோம்."

அதைச் சொல்லும்போது சரவணன் குரலில் ஒரு நிறைவு இருந்தது. அத்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "எந் தம்பி சாகப்போறது எந் தம்பிக்கே தெரியாது. ஒங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். சுகன்யா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பறிக்க ஆளில்லாமல் மல்லிகை பூத்து மலர்ந்து, செடியிலேயே பழுத்துக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் வாசம் குமட்டியது. அவள் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த கையோடு தேர்வுக்குப் போனாள். போகமாட்டாள் என்று நினைத்தேன், போனாள். அவளுக்கு வந்த அட்டை என்ன தெரியுமா? கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட பையனின் அம்மாவிடம், கட்டு நனையாமல் எப்படிக் குளிக்க வைப்பது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

நான் தேறவில்லை. நான் இன்னும் திருவரங்குளத்தையும் கீரமங்கலத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன், வார்டுக்குப் பொறுப்பாக. பாத்திரக் கடை மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மிஸ் கல்யாணமாகி எங்கோ போய்விட்டார். சரவணன் சவூதியில் இருக்கிறார்; கொல்லையை யாரோ வாங்கி, மல்லிகையைப் பிடுங்கிவிட்டு வேலி போட்டிருக்கிறார்கள். மணமேல்குடி அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுகன்யா அயர்லாந்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கே நோயாளியிடம் எதையும் மறைக்கக் கூடாதாம். டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு நர்ஸ் உட்கார்ந்து, திரும்ப நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அந்த வேலைக்கு இவளைத்தான் தேடிக் கூப்பிடுகிறார்கள். "ரொம்ப நல்லாச் சொல்றேன்னு பேருடீ எனக்கு" என்றாள் போன மாதம் போனில். "கையப் புடிச்சுக்கிட்டு நிறுத்தி நிறுத்திச் சொல்றேன். அழுதுட்டு, தேங்க்யூங்கறாங்க. யாரக் கூப்புடணும்னு கேட்டா, அக்கா, தங்கச்சின்னு பேரு சொல்றாங்க. நான்தான் போன் போட்டுக் குடுக்குறேன்."

இங்கே இன்றைக்குக் காலையிலும் ஒரு மகன் என்னைக் கைகாட்டி வெளியே கூப்பிட்டு, "அம்மாகிட்ட அல்சர்னு சொல்லிருக்கோம் சிஸ்டர், நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றார். சரி என்றேன்.

போன மாதம் பேசிய அந்தப் போனிலேயே சுகன்யாவிடம் கேட்டேன்: "அதத் தமிழ்ல சொல்லணும்னா எப்புடிடீ சொல்லுவ?"

இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "தெரியலடீ" என்றாள். எனக்கும் தெரியவில்லை. தமிழில் சொல் என்று கேட்டவர் ஒருவர்தான், அவர் இல்லை.